அவசரம்: பெயர் அடிக்க முடியல, எழுத்து அடிச்சா பக்கம் தாவுது

மருதம்_24:
வணக்கம். உதவித்தொகை விண்ணப்பம் போடணும், நாளைக்கு சாயங்காலம் 5 மணியோட முடியுது. பெயர் கட்டத்துக்கு வந்துட்டேன், திரையைப் படிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர் "எடிட்"னு சொல்லுது. ஆனா எழுத்து விழல. கே அடிச்சா எங்கயோ போய் நின்னு "லிங்க்"னு சொல்லுது. எச் அடிச்சா வேற எங்கயோ போகுது. சில எழுத்துக்கு வெறும் சத்தம்தான் வருது. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

சோழன்_டெக்:
கீபோர்டு டிரைவர் போயிருக்கும். டிவைஸ் மேனேஜர்ல கீபோர்டை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. நம்ம கடைக்கு வர்ற லேப்டாப்ல பாதி இதுதான்.

பனைமரத்தடி:
தம்பி, எந்த ஸ்கிரீன் ரீடர்? என்விடிஏவா, ஜாஸா, விண்டோஸோட வர்ற நரேட்டரா? எந்த பிரவுசர்? லேப்டாப்பா, தனி கீபோர்டா? நோட்பேடுல எழுத்து விழுதா? இதெல்லாம் சொன்னாதான் பதில் சொல்ல முடியும்.

நெய்தல்:
ஃபில்டர் கீஸ் (டக்னு தட்டுற விசையைக் கண்டுக்காம விடுற வசதி) ஆன் ஆகியிருக்கும். வலது ஷிஃப்டை 8 வினாடி அழுத்திப் பிடிச்சா அது தானா வந்துடும். எங்க அப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டி போய்ப் பாருங்க.

மூத்தவிசை:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். பிரவுஸ் மோடுக்கும் ஃபோக்கஸ் மோடுக்கும் வேறுபாடு தெரியாமல் கடைசி நாளில் விண்ணப்பம் நிரப்ப உட்காருகிறார்கள். இது முதல் வாரப் பாடம். இன்செர்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு பழைய இழைகளைத் தேடிப் படியுங்கள்.

மருதம்_24:
என்விடிஏ. குரோம். லேப்டாப். நோட்பேடுல நல்லா விழுது. இன்செர்ட் எங்க இருக்குன்னு தெரியல சார், தடவிப் பாத்துட்டேன்.

செவிவழி:
நோட்பேடுல விழுதுன்னா கீபோர்டு நல்லாதான் இருக்கு. டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணிடாதீங்க, நாளைக்கு அதுவே பெரிய வேலையாயிடும்.

வெப் பக்கத்துல என்விடிஏ ரெண்டு நிலையில இருக்கும். பிரவுஸ் மோடுல எழுத்து விசை பெரும்பாலும் தாவுற கட்டளை. எச் அடுத்த தலைப்புக்கு, கே அடுத்த லிங்குக்கு, ஈ எழுதுற கட்டத்துக்கு, பி (B) பட்டனுக்கு, டி (T) அட்டவணைக்குப் போகும். கட்டளை இல்லாத எழுத்துக்குச் சத்தம் மட்டும் வரும். உங்களுக்கு நடக்கிறது அப்படியே இதுதான். எழுத்து கட்டத்துக்குள்ள விழணும்னா ஃபோக்கஸ் மோடுக்கு மாறணும்.

பெயர் கட்டத்துக்கு எப்படி வந்தீங்க? டேப் அடிச்சு வந்திருந்தா என்விடிஏ தானாவே ஃபோக்கஸ் மோடுக்கு மாறியிருக்கும். கீழ் அம்புக்குறியாலயோ ஈ அடிச்சோ வந்தா மாறாது, நீங்கதான் மாத்தணும். "எடிட்"னு சொன்னதும் என்டரை ஒரே ஒரு தடவை அழுத்துங்க. டக்னு ஒரு சின்ன சத்தம் வரும், அதுதான் அடையாளம். அதுக்கப்புறம் மறுபடி என்டர் அடிக்காதீங்க, சில பக்கத்துல பாதி நிரப்பின படிவம் அப்படியே போயிடும். முடிஞ்சதும் எஸ்கேப் அடிச்சா பிரவுஸ் மோடுக்குத் திரும்பிடலாம். அப்போ வேற மாதிரி சத்தம் வரும்.

இன்செர்ட்டைத் தேட வேண்டாம். நிறைய லேப்டாப்ல அது எஃப்என் விசையோட சேர்த்து அழுத்துற மாதிரி ஒளிஞ்சிருக்கும். என்விடிஏ அமைப்புகள்ல கீபோர்டு பகுதிக்குப் போய் கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையா வெச்சுக்கோங்க. நிஜமாவே பெரிய எழுத்து வேணும்னா அதை வேகமா ரெண்டு தடவை தட்டணும்.

கரிசல்காட்டான்:
ஜாஸுக்கு மாறிடுங்க. அதுல ஃபார்ம்ஸ் மோட் (ஃபோக்கஸ் மோடு மாதிரிதான்) இன்னும் தெளிவா இருக்கும்.

பனைமரத்தடி:
லைசென்ஸ் இல்லாம ஜாஸ் 40 நிமிஷம்தான் ஓடும், அப்புறம் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணணும். நாளைக்குக் கடைசி நாள் உள்ளவருக்கு இப்போ புது மென்பொருளா?

சோழன்_டெக்:
இவ்வளவு எதுக்கு? டேப் மட்டும் தட்டிக்கிட்டே போனா எல்லாக் கட்டமும் வந்துடும், தானா மாறிடும்னு நீங்களே சொல்றீங்க. முடியலன்னா பிரவுசிங் சென்டர்ல குடுங்க. 50 ரூபாய்க்கு அவங்களே போட்டுக் குடுத்துடுவாங்க.

செவிவழி:
டேப் மட்டும் போதும்னு பழக்கிவிடுறவங்களை நிறைய பாத்துட்டேன். எனக்கு இது கோபமே வர்ற விஷயம். டேப் விசை லிங்க், பட்டன், கட்டம் இதுகள்லதான் நிக்கும். நடுவுல இருக்கிற சாதாரண எழுத்தைத் தாண்டிப் போயிடும். "பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதவும், இனிஷியல் கடைசியில்"னு கட்டத்துக்கு மேல ஒரு வரி இருந்தா, டேப்ல போறவர் காதுல அது விழவே விழாது. இனிஷியலை முன்னாடி போட்டுட்டு, ஆதார்ல இருக்கிற பெயரோட பொருந்தலன்னு விண்ணப்பம் திரும்பி வந்தவங்க இருக்காங்க.

அதனால முதல்ல பிரவுஸ் மோடுல கீழ் அம்புக்குறியை வெச்சுப் பக்கம் முழுக்கக் கேளுங்க. நிரப்பும்போது டேப் அடிங்க. ரெண்டும் வேணும்.

பூவரசு:
பிரவுசிங் சென்டரை இவ்வளவு சுலபமா சொல்லாதீங்க சார். அங்க பாஸ்வேர்டு சொல்லணும், போனுக்கு வர்ற ஓடிபி சொல்லணும், வங்கிக் கணக்கு எண் சொல்லணும். பக்கத்துல நிக்கிறவங்க எல்லாரும் கேப்பாங்க. அவங்க என்ன அடிச்சாங்கன்னு நம்மளால சரிபாக்கவும் முடியாது. என் தங்கச்சிக்கு மாற்றுத்திறன் சதவீதத்தைத் தப்பா போட்டு அனுப்பிட்டாங்க.

சோழன்_டெக்:
நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் அக்கா. நாளைக்குக் கடைசி நாளாச்சே.

மூத்தவிசை:
அவசரத்துக்குப் பிறர் உதவியை நாடுவதில் தவறில்லை. பயிற்சியை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம்.

பூவரசு:
அந்த விடுமுறை வரவே வராது. எல்லா விண்ணப்பத்துக்கும் ஒரு கடைசி நாள் இருக்கும், எல்லாத்துக்கும் இதையே சொல்வாங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லயே வந்துடுச்சு. தகவல் தொழில்நுட்பம் எல்லாரும் அணுகுற மாதிரி இருக்கணும்னு அதுல 42-வது பிரிவு சொல்லுது. நாம சென்டர் சென்டரா அலைஞ்சா, பக்கத்தைச் செஞ்சவங்களுக்கு அதுல குறை இருக்குன்னே தெரியாது.

கரிசல்காட்டான்:
சட்டம் சரி, நடைமுறைல படத்துல இருக்கிற எழுத்தைப் பாத்து அடின்னு கேப்சா வெச்சிருக்காங்களே. அதுக்கு எந்த மோடு போட்டாலும் ஒண்ணும் நடக்காது.

பூவரசு:
அதைத்தான் நானும் சொல்றேன். ஒலி கேப்சா இல்லன்னா உதவி மையத்துக்கு எழுதுங்க, எழுதிக்கிட்டே இருங்க.

பனைமரத்தடி:
தம்பி மருதம், இருக்கீங்களா? என்ன ஆச்சு?

மருதம்_24:
இருக்கேன் அண்ணா. கேப்ஸ் லாக் மாத்திட்டேன். என்டர் அடிச்சா டக்னு சத்தமும் வருது. ஆனா கே அடிச்சா இன்னும் லிங்குக்குத்தான் போகுது. இந்தத் தடவை அந்த இன்னொரு குரல் சொல்லுது.

செவிவழி:
இன்னொரு குரலா? ரெண்டு குரல் பேசுதா?

மருதம்_24:
ஆமா. ஒரு ஆம்பளக் குரல், ஒரு பொம்பளக் குரல். வாங்கினதுலேர்ந்து அப்படித்தான் இருக்கு.

பனைமரத்தடி:
அங்கதான் இருக்கு விஷயம். நரேட்டரும் கூடவே ஓடுது.

செவிவழி:
அதேதான். நரேட்டருக்கும் ஸ்கேன் மோடுன்னு ஒண்ணு இருக்கு. அதுலயும் கே லிங்குக்கும் எச் தலைப்புக்கும் தாவும். என்விடிஏ எழுத்தை உள்ள விட்டாலும் நரேட்டர் வழியில பிடிச்சுக்குது. ரெண்டுக்கும் கேப்ஸ் லாக்தான் கட்டளை விசைங்கறதால, நீங்க அழுத்துறதை எது பிடிக்கும்னு சொல்லவும் முடியாது.

கன்ட்ரோல், விண்டோஸ் விசை, என்டர் மூணையும் சேர்த்து அழுத்துங்க. நரேட்டர் அணைஞ்சிடும். மறுபடி அதையே அழுத்தினா திரும்ப வந்துடும், அதனால ஒரு தடவை அழுத்திட்டுக் காத்திருந்து கேளுங்க. ஒரே குரல்தான் பேசணும். அப்புறம் பக்கத்தை எஃப் 5 அடிச்சுப் புதுப்பிச்சிட்டு, பெயர் கட்டத்துக்கு வந்து என்டர்.

நெய்தல்:
செட்டிங்ஸ்ல, சைன் இன் பண்ணும்போது நரேட்டர் தானா தொடங்கணும்னு டிக் இருக்கும். அதையும் எடுத்துடுங்க, இல்லன்னா நாளைக்குக் காலைல மறுபடி வந்துடும்.

மூத்தவிசை:
இரண்டு குரல் கேட்கிறது என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பனைமரத்தடி:
லேப்டாப் வந்த நாள்லேர்ந்து ரெண்டு குரல் பேசினா, அது கோளாறுன்னு ஒருத்தருக்கு எப்படிங்க தெரியும்? நாமதான் கேட்டிருக்கணும்.

மருதம்_24:
விழுது!! பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் போட்டுட்டேன். இனிஷியல் கடைசிலதான்னு மேல எழுதியிருந்தது, கீழ் அம்புக்குறில கேட்டேன். இப்போ பிறந்த தேதில நிக்கிறேன், "ஸ்பின் பட்டன்"னு சொல்லுது. என்ன பண்ண?

செவிவழி:
நாள், மாதம், ஆண்டு மூணும் தனித்தனியா இருக்கும். ஃபோக்கஸ் மோடுல எண்ணை அடிங்க, நாளும் மாதமும் 0 சேர்த்து ரெண்டு இலக்கமா, ஆண்டு நாலு இலக்கமா. குரோம்ல அடிச்சதும் அதுவே அடுத்ததுக்குப் போயிடும். மாதம் முதல்ல வருதா நாள் முதல்ல வருதான்னு அது சொல்றதைக் கேட்டுட்டு அடிங்க. முடிஞ்சதும் எஸ்கேப் அடிச்சு, அம்புக்குறியால திரும்ப ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டு சமர்ப்பிங்க.

பனைமரத்தடி:
இன்னொண்ணு. விண்ணப்பம் போட்டு முடிச்சப்புறம் என்விடிஏ விசையோட 1 அழுத்துங்க. விசை உதவி வரும். அதுல எந்த விசையை அழுத்தினாலும் அது என்ன செய்யும்னு பெயர் மட்டும் சொல்லும், எதையும் செய்யாது. பயமில்லாம எல்லாத்தையும் அழுத்திப் பழகலாம். திரும்ப என்விடிஏ விசையோட 1 அடிச்சா வெளிய வந்துடலாம்.

மருதம்_24:
அனுப்பியாச்சு. விண்ணப்ப எண் வந்துடுச்சு. கேப்சாவுக்கு ஒலி இருந்துச்சு. எல்லாருக்கும் நன்றி, செவிவழி அக்காவா அண்ணனான்னு தெரியல, உங்களுக்கு ரொம்ப.

குறிஞ்சி_பி:
எனக்கும் இதே மாதிரிதான், ஆனா எக்செல்ல. அம்புக்குறி அழுத்தினா செல் மாறாம திரை மட்டும் நகருது. என்ன பண்றது?

பனைமரத்தடி:
எந்த ஸ்கிரீன் ரீடர்? லேப்டாப்பா? ஸ்க்ரோல் லாக் ஆன்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. புது இழை தொடங்கி எழுதுங்க, அங்க வரேன்.