வி-கிராஸ் பிக்கப்புக்குப் புது அலாய் வீல்: 85 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுக்கம், முழுத் திருப்பத்தில் உரசல்

கேள்வி (மடிப்பாக்கம்)

வணக்கம். என்னிடம் இசுஸு வி-கிராஸ் பிக்கப் உள்ளது. கம்பெனி கொடுத்த 18 அங்குல அலாய் வீல்களில் இரண்டு, சாலைப் பள்ளங்களில் விழுந்து விளிம்பு நசுங்கிக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டதால், நான்கையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விசாரித்தேன். ஒரு கடையில் 18 அங்குல விட்டமும் 9 ஜே (9 அங்குல) அகலமும் கொண்ட, ஆஃப்செட் (வீலின் அகல மையத்துக்கும் வண்டியோடு ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில்; எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும்) பூஜ்யமாக உள்ள வீல்களை 285/60 ஆர்18 டயருடன் (285 மி.மீ. அகலம், பக்கச் சுவர் அதில் 60 சதவீதம், 18 அங்குல வீலுக்கு) முன்பக்கம் மட்டும் மாட்டிக் காட்டினார்கள். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கியது. முழுவதும் திருப்பினால் முன் மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக் உறையில் டயர் உரசியது. இரண்டு முறை பேலன்சிங் (சுழலும் வீலின் எடையைச் சமன்படுத்துவது) செய்தும் நடுக்கம் குறையவில்லை. உறையைச் சூடாக்கி உள்ளே தள்ளிவிட்டால் உரசல் நின்றுவிடும் என்றும், நடுக்கம் ஓட ஓடச் சரியாகும் என்றும் கடைக்காரர் சொல்கிறார்.

இதே கடையில் 17 அங்குலம், 8 ஜே, ஆஃப்செட் 20 உள்ள இன்னொரு வகையும் இருக்கிறது. இரண்டில் எதை எடுப்பது, அல்லது இரண்டையுமே விட்டுவிடுவதா? வண்டி நகருக்குள் ஓடுவதோடு, வாரந்தோறும் மதுராந்தகத்தில் உள்ள நிலத்துக்கு உர மூட்டைகளையும் ஏற்றிச் செல்கிறது.

பதில் 1 (அலைன்மென்ட் பட்டறை, அம்பத்தூர்)

வணக்கம் சார். ஓட ஓடச் சரியாகும் நடுக்கம் என்று ஒன்று கிடையாது. வி-கிராஸின் போல்ட் வட்டம் 6 × 139.7 (139.7 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தில் ஆறு போல்ட்), கடையில் மாட்டிய வீலும் அதே அளவாக இருந்ததால்தான் ஏறியிருக்கிறது. ஆனால் வீலின் நடுத்துளை வேறு கணக்கு. உங்கள் வண்டியின் ஹப் (வீலின் நடுத்துளை உட்காரும் அச்சுப் பகுதி) 100.1 மில்லிமீட்டர், வெளியில் விற்கும் ஆறு போல்ட் வீல்கள் பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக 106 அல்லது 110 மில்லிமீட்டர் துளையுடன் வருகின்றன. துளை 110.1 என்றால் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது வீலை நட்டு இல்லாமல் ஹப்பில் தொங்கவிட்டு, ஹப் விளிம்பின் கீழ்ப்பக்கம் விரல் நுனியை வைத்துப் பாருங்கள்; மேலே ஒட்டிக்கொண்டு கீழே மட்டும் சந்து தெரிந்தால் காரணம் அதுதான்.

பேலன்சிங் இயந்திரம் வீலை அதன் நடுத்துளையில் கூம்பைச் செருகித்தான் மையப்படுத்துகிறது. ஆகவே இயந்திரத்தில் பூஜ்யம் காட்டிய அதே வீல், வண்டியில் ஒரு மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தாலும் நடுங்கும். இன்னும் நூறு முறை பேலன்சிங் செய்தாலும் பயனில்லை. 110.1-க்கு 100.1 என்ற அளவில் ஹப் ரிங் (இடைவெளியை நிரப்பும் வளையம்) வாங்கி மாட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் ரிங்கைவிட அலுமினிய ரிங் நல்லது, ஏனெனில் பாரத்தோடு அடிக்கடி பிரேக் பிடிக்கும் வண்டியில் ஹப் நன்றாகச் சூடாகும். எடையைத் தாங்குவது ரிங் அல்ல, நட்டு இறுக்கத்தில் உண்டாகும் உராய்வுதான். ரிங்கின் வேலை வீலை மையத்தில் உட்கார வைப்பது மட்டுமே. எனவே ரிங் போட்ட பிறகும், சக்கரம் தரையைத் தொடாத நிலையில் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) முடிக்க வேண்டும். ஏர் கன்னால் ஒரே மூச்சில் இறுக்கினால் வீல் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும்.

பதில் 2 (பழைய வி-கிராஸ் உரிமையாளர், பெருங்களத்தூர்)

நடுக்கத்துக்கு மேலே சொன்னதுதான் விடை. உரசலுக்குக் காரணம் ஆஃப்செட்டும் டயரின் உயரமும். கம்பெனி வீல் 7.5 ஜே, ஆஃப்செட் 33. அதற்குப் பதில் 9 ஜே, ஆஃப்செட் பூஜ்யம் மாட்டினால் வீலின் வெளி விளிம்பு ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போகும். அதாவது வீல் ஆர்ச்சை (மட்கார்டின் வளைவை) தாண்டி நிற்கும். மழையில் ஓட்டினால் சேறு முழுவதும் கதவில்தான். அதோடு கம்பெனி கொடுத்த 255/60 ஆர்18 டயரின் விட்டம் 763 மில்லிமீட்டர், 285/60 ஆர்18 டயருக்கு அது 799. மையத்திலிருந்து 18 மில்லிமீட்டர் உயர்ந்த டயர், வெளியே தள்ளியும் நிற்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பெரிய வளைவில் சுற்றி வந்து உறையில் இடிக்கிறது. உறையைச் சூடாக்கித் தள்ளினால் இன்று உரசல் நிற்கலாம். பாரத்தோடு வேகத்தடையில் சஸ்பென்ஷன் அமுங்கும் நாளில் மீண்டும் வரும். மேலும் வீல் வெளியே போகப் போக, முன் பேரிங்குக்கும் பால் ஜாயின்டுக்கும் (சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு) சுமை கூடும், ஸ்டீயரிங் பள்ளங்களில் கையைப் பிடித்து இழுக்கும்.

17 அங்குலம், 8 ஜே, ஆஃப்செட் 20 என்றால் வெளியே 19 மில்லிமீட்டர் மட்டுமே கூடும். அதில் 265/65 ஆர்17 டயர் போட்டால் விட்டம் 776, கம்பெனி அளவைவிட 1.7 சதவீதம் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது இதுவரை ஓடியதைவிட அவ்வளவுதான் வேகம் கூடும். 285/60-இல் அது 4.7 சதவீதமாகிவிடும். டயரின் பக்கச் சுவரும் 153-லிருந்து 172 மில்லிமீட்டராக உயர்வதால், ஏற்கெனவே இரண்டு விளிம்புகளை நசுக்கிய பள்ளங்களை இது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். என் தனிப்பட்ட கருத்தில், பாரம் ஏற்றும் வண்டிக்கு 18-லிருந்து 17-க்கு இறங்குவது அழகுக் குறைவல்ல.

பதில் 3 (காப்பீட்டு மதிப்பீட்டாளர், புரசைவாக்கம்)

இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன். முதலாவது, வீலின் பின்புறம் ஆரக்காலிலோ ஹப் முகத்திலோ பொறித்திருக்கும் தாங்கு எடையைப் படியுங்கள். வண்டியின் தகட்டில் பின் அச்சுக்கு 1,600 கிலோ என்றிருந்தால், ஒவ்வொரு வீலும் குறைந்தது 800 கிலோ தாங்க வேண்டும். கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பாருங்கள், ஜப்பானிய ஜே.டபிள்யூ.எல். முத்திரை மட்டும் இருந்தால் அது பயணிகள் கார் சோதனை, ஜே.டபிள்யூ.எல்.-டி என்பதே சரக்கு வண்டிக்கானது. எதுவும் பொறிக்காத வீலைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று 182-ஏ பிரிவு சொல்கிறது. உடலுக்கு வெளியே நீட்டி நிற்கும் வீல், போக்குவரத்துக் காவலரின் கண்ணில் முதலில் படுவது. வீல் விலை உயர்ந்ததானால், மின்சாரம் சாராத துணைக்கருவியாகப் பாலிசியில் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காத வீலுக்குப் பணம் கேட்டு வந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கேட்டவர்

மிக்க நன்றி. கடைக்குச் சென்று பார்த்தேன். 9 ஜே வீலின் பின்புறம் 690 கிலோ என்றும், 17 அங்குல வீலில் 1,134 கிலோ என்றும் பொறித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுத்துளை 110.1. விரலை வைத்துப் பார்த்தபோது ஹப்பின் கீழே சந்து தெளிவாகவே தட்டுப்பட்டது. 17 அங்குல வீலை அலுமினிய ரிங்குடன் முன்பக்கம் மாட்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டியதில் 100 வரை நடுக்கம் இல்லை. முழுத் திருப்பத்திலும் உரசவில்லை. பிரேக் காலிபருக்கும் (டிஸ்க்கைப் பற்றும் பகுதி) வீலுக்கும் நடுவே சிறுவிரல் நுழைகிறது. நான்கையும் இதையே எடுக்கப் போகிறேன். ஸ்டெப்னி மட்டும் பழைய 18 அங்குலமாகவே இருக்கட்டுமா?

பதில் 4 (அலைன்மென்ட் பட்டறை, அம்பத்தூர்)

ஐந்தாவதும் அதே வீல், அதே டயர் என்றால் மிக நல்லது. இயலாவிட்டால் பழைய ஸ்டெப்னியை பஞ்சர் கடை வரை செல்ல மட்டும் பயன்படுத்துங்கள். அது மாட்டியிருக்கும் வரை ஃபோர் வீல் டிரைவைப் போடவே கூடாது. முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பகிரும் பெட்டி) முறுக்கு வாங்கும். புது வீலுக்குக் கொடுத்த கூம்பு நட்டு கம்பெனி வீலின் நட்டுக் குழியில் சரியாக உட்காரும் என்று சொல்ல முடியாது, ஆகவே பழைய நட்டு ஆறையும் ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வைத்துவிடுங்கள். புது வீல் மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். மதுராந்தகத்துக்கு மூட்டை ஏற்றுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.