ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருக்கிறது, அட்வான்ஸ் பரோல் (வெளிநாடு போய்த் திரும்பும் அனுமதி) காலாவதி: அப்பாவைப் பார்க்கப் போய்த் திரும்ப முடியுமா?

பட்டுக்கோட்டைப் பெண் | 2024 ஆகஸ்ட் 6

வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று அதிகாலை அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். கூட இருப்பது அம்மா மட்டும்தான். நான் ஒரே மகள்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். 2020 அக்டோபரில் இந்தியர்களுக்கான இபி-3 (வேலைவழி கிரீன் கார்டு வகை) தேதி திடீரென்று முன்னுக்கு வந்தபோது இருவருக்கும் ஐ-485 போட்டோம். அவருடைய முன்னுரிமைத் தேதி (கிரீன் கார்டு வரிசையில் இடம் பிடித்த நாள்) 2014. நான் மாணவர் விசாவில் வந்து, திருமணத்துக்குப் பிறகு இங்கிருந்தபடியே எச்-4க்கு (எச்-1பிகாரரின் துணைக்கான நிலை) மாறியவள். அதனால் என் பாஸ்போர்ட்டில் எச்-4 விசா முத்திரை கிடையாது. வேலை அனுமதியும் அட்வான்ஸ் பரோலும் சேர்ந்த அட்டை ஜூன் மாதம் காலாவதியாகிவிட்டது. மார்ச்சிலேயே இரண்டையும் புதுப்பிக்க விண்ணப்பித்தோம், ரசீது மட்டும் வந்திருக்கிறது. கோவிட், பிறகு மகன் பிறந்தது என்று அந்த அட்டையை வைத்து ஒரு முறைகூட ஊருக்குப் போகவில்லை. நாளை இரவுக்கு டிக்கெட் இருக்கிறது. போகலாமா?

எடிசன்வாசி

தங்கை, கவலைப்படாதீர்கள். பழைய அட்டையோடு புதுப்பித்தல் ரசீதையும் சேர்த்துக் காட்டினால் 540 நாட்கள் செல்லும். என் மனைவி அப்படித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். தைரியமாகக் கிளம்புங்கள்.

டல்லாஸ் சுந்தரி

தயவுசெய்து டிக்கெட் எடுக்காதீர்கள். மேலே சொன்ன நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் இந்த 2024இல் இருக்கும் அந்த 540 நாள் நீட்டிப்பு வேலை அனுமதிக்கு மட்டுமே. ஒரே அட்டையில் இரண்டு அனுமதிகள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். ரசீதால் நீள்வது ஒன்றுதான். அட்வான்ஸ் பரோல் அட்டையில் போட்ட தேதியோடு முடிந்துவிட்டது.

பரோல் கையில் வருவதற்கு முன் விமானம் ஏறினால், ஐ-485ஐ நீங்களே கைவிட்டதாகத்தான் விதி எடுத்துக்கொள்ளும். எச், எல் வகை வேலை விசாக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒரு விலக்கு உண்டு: அந்த நிலையைக் காப்பாற்றிக்கொண்டு, செல்லத்தக்க விசா முத்திரையோடு திரும்பி வந்தால் 485 உயிரோடு இருக்கும். அதனால் ஒரு கேள்வி. நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா? எந்த அட்டையைக் காட்டிச் சேர்ந்தீர்கள்?

பட்டுக்கோட்டைப் பெண்

போகிறேன் அக்கா. மழலையர் காப்பகம் ஒன்றில் உதவி ஆசிரியை. 485 மூலம் வந்த இதே அட்டையைக் காட்டித்தான் சேர்ந்தேன்.

டல்லாஸ் சுந்தரி

அப்படியென்றால் எச்-4 வழியை நம்பிப் புறப்படாதீர்கள். 485 அட்டையில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு எச்-4 நிலையைக் காப்பாற்றி வருவதாக உறுதியாகச் சொல்ல முடியாது. அதில் தவறு ஒன்றுமில்லை, சட்டப்படிதான் இங்கே இருக்கிறீர்கள். ஆனால் மேலே சொன்ன விலக்கு உங்களுக்குப் பொருந்துமென்று எந்த வழக்கறிஞரும் உறுதி தர மாட்டார். அதற்கு மேல் சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணல் தேதி வாங்க வேண்டும், கேள்வி எழுந்தால் 221(ஜி) சீட்டு (விசாவை நிறுத்தி வைக்கும் அறிவிப்பு) கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அப்பா இருக்கும் நிலையில் அந்த அலைச்சலும் வேண்டாம்.

உங்களுக்கு இருக்கும் வழி அவசர அட்வான்ஸ் பரோல். அமெரிக்கக் குடியேற்றச் சேவை அமைப்பான யுஎஸ்சிஐஎஸ்ஸின் தொடர்பு மையத்தை அழைத்து, மருத்துவ அவசரம், பகுதி அலுவலகத்தில் நேரில் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் திரும்ப அழைத்து நேரம் தருவார்கள். அந்த அழைப்பைத் தவறவிடாதீர்கள்.

காவேரிக்கரை

நான் 2022இல் இதே வழியில் போனவள். என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது.

அம்மா கவலைக்கிடமாக இருந்தார். அண்ணன் மருத்துவமனையிலிருந்து வாங்கி அனுப்பிய கடிதம் ஒரே வரி: "மேற்படி நோயாளி இங்கு அனுமதிக்கப்பட்டுள்ளார்." மருந்துச் சீட்டு எழுதும் தாளில் எழுதியிருந்தார்கள். சாளரத்தில் இருந்த அதிகாரி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, இதில் நோய் என்ன, அவசரம் என்ன என்று எதுவுமே இல்லையே என்று திருப்பித் தந்தார். சரியான கடிதம் வந்து மறுபடியும் நேரம் கிடைக்க இரண்டு நாட்கள் ஆயின. அதற்குள் அம்மா போய்விட்டார். முகத்தைக்கூடக் கைப்பேசியில்தான் பார்த்தேன்.

அதனால் கடிதத்தில்தான் முதல் கவனம். மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட தாளில், ஆங்கிலத்தில், அப்பாவின் முழுப்பெயர், நோய், சேர்த்த தேதி, இப்போதைய நிலை, மகள் உடனே வர வேண்டிய தேவை எல்லாம் இருக்கட்டும். மருத்துவரின் பதிவு எண், கையொப்பம், முத்திரை வேண்டும். உறவினர் யாரையாவது இன்றே அங்கே உட்கார வையுங்கள், வாங்காமல் எழுந்து வரக் கூடாது.

புதிதாக நிரப்பிய ஐ-131 (பரோல் விண்ணப்பப் படிவம்), பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, பாஸ்போர்ட், 485 ரசீது, பழைய அட்டை, டிக்கெட் முன்பதிவு, அவர் உங்கள் அப்பா என்பதற்கான சான்று எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். 2024 ஏப்ரல் 1க்கு முன் பழைய கட்டணத்தில் 485 போட்டவர்களுக்கு ஐ-131க்குத் தனிக் கட்டணம் இல்லை. அதன் பிறகு போட்டவர்களுக்கு இந்த 2024இல் 630 டாலர்.

பட்டுக்கோட்டைப் பெண்

காவேரிக்கரை அக்கா, படித்ததும் அழுதுவிட்டேன். மாமா மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டார். இன்னொரு சிக்கல்: என் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கிறது.

காவேரிக்கரை

நம் ஊர்ச் சான்றிதழ்கள் பலவற்றில் அப்படித்தான். 485க்கு அப்போது என்ன கொடுத்தீர்களோ அதையே கொண்டு போங்கள். பெரியவர்கள் இருவரிடம் வாங்கிய உறுதிமொழிப் பத்திரம் இருக்கும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறதே, அதையும் நகல் எடுங்கள். மகன் இங்கே பிறந்தவன் என்றால் அவனுக்கு ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) இந்திய விசாவோ வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இந்த முறை அவனை உங்கள் கணவரோடு விட்டுச் செல்வதுதான் நல்லது.

பட்டுக்கோட்டைப் பெண் | ஆகஸ்ட் 9

கிடைத்துவிட்டது. காலை 9 மணிக்குச் சந்திப்பு. அதிகாரி கடிதத்தை முழுவதும் படித்தார், மருத்துவரின் பதிவு எண்ணின் மேல் விரல் வைத்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறப்புச் சான்றிதழைப் பற்றிக் கேட்டார், பத்திரங்களைக் காட்டினேன். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு என் படம் ஒட்டிய ஐ-512எல் என்ற பரோல் தாள் கைக்கு வந்தது. இன்று இரவு விமானம். மகன் அவன் அப்பாவோடு இருக்கிறான்.

பட்டுக்கோட்டைப் பெண் | செப்டம்பர் 3

திரும்பி வந்துவிட்டேன். நெவார்க் விமான நிலையத்தில் தனி அறைக்கு அனுப்பினார்கள், முக்கால் மணி நேரம் ஆயிற்று. எதற்காகப் போனீர்கள் என்ற ஒரு கேள்விதான் கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, டிஏ (பரோலில் அனுமதித்ததற்கான குறி) என்று எழுதி, ஓராண்டுத் தேதி போட்டுக் கொடுத்தார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை இன்னும் தூக்க வரவில்லை. நான் புறப்பட்ட அன்று இடது கையால் திருநீறு பூசிவிட்டார்.

எடிசன்வாசி

தங்கை, நான் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். என் மனைவியும் டிசம்பரில் போவதாக இருந்தார், டிக்கெட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒன்று மட்டும் சொல்லுங்கள், மார்ச்சில் போட்ட உங்கள் புதுப்பித்தல் விண்ணப்பம் என்ன ஆயிற்று?

பட்டுக்கோட்டைப் பெண்

செல்லத்தக்க பரோலோடு வெளியே போனதால் அது ரத்தாகவில்லை அண்ணா. இன்று காலையிலும் பார்த்தேன், நிலுவை என்றே காட்டுகிறது.