எண்ணி வாங்கியது 75,000: ஏலச்சீட்டுக்கு வட்டி எவ்வளவு?

கூட்டல்கழித்தல்:
சம்பளக்காரர்கள் கடன் அடைப்பது பற்றிய பேச்சில் பெரியகுளத்தான் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: அவருக்குக் கிரெடிட் கார்டில் 70,000 பாக்கி. தெருவில் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. மாதாமாதம் ஏலத்தில் அதிகம் தள்ளுபவருக்கு, அதாவது அதிகம் விட்டுக்கொடுப்பவருக்கு, அந்த மாதப் பணம். ஐந்தாம் மாதம் 25,000 தள்ளி 75,000 எடுத்துக் கார்டை அடைத்திருக்கிறார். கசர், அதாவது தள்ளிய தொகையில் கமிஷன் போக ஆளுக்கு ஆள் திரும்பும் பங்கு, அது போக 20 மாதத்தில் மொத்தம் கட்டியது 88,600. "ஆக வட்டி 13,600தான், வருடத்துக்கு 11 சதவீதம்கூட இல்லை, எந்த பேங்க்காரன் தருவான்?" என்று ஒரு கேள்வி வேறு. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்.

ஐயா, அந்த 75,000இல் 20,300 நீங்களே ஐந்து மாதமாகக் கட்டியது. உங்கள் பணம் உங்களிடமே திரும்பி வந்ததற்குக் கடன் என்று பேர் இல்லை. அடுத்தவர் பணமாக வந்தது 54,700. அதற்கு அடுத்த 15 மாதத்தில் 68,300 கட்டியிருக்கிறீர்கள். தவணைக்குத் தவணை அசல் குறைகிறதே, அதையும் சேர்த்துப் போட்டால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் 80 பைசா வட்டி. வருடத்துக்கு 33 சதவீதத்துக்கு மேல். 11 எங்கே, 33 எங்கே?

பெரியகுளத்தான்:
நான் நிம்மதியாகத் தூங்கினேன், கடன் இல்லாததால். சீட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணி வாங்கியது 75,000. இந்த 54,700 எந்தத் திண்ணையில் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

கூட்டல்கழித்தல்:
ஒரே கேள்வி. அந்த 20,300 யாருடைய பணம்?

பெரியகுளத்தான்:
சீட்டில் போட்ட பிறகு அது சீட்டின் பணம். பஸ்ஸில் டிக்கெட் எடுத்தபின் காசு யாருடையது என்று கண்டக்டரிடம் கேட்பீர்களா?

ஐந்துவட்டி:
கேட்பார். சில்லறை பாக்கியை வாங்கிக்கொண்டு கேட்பார்.

மாசக்கடைசி:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். 70,000 கார்டில் எப்படி ஏறியது என்று யாரும் கேட்கவில்லையே? அது தெரியாமல் அடைத்த கதையை மட்டும் பேசினால் அடுத்த ஜூனில் மறுபடியும் 70,000 நிற்கும். எங்கள் வீட்டில் சம்பளம் 38,000, வாடகை 9,500. பள்ளிக்கூடக் கட்டணம் ஜூனில் ஒரே அடியாக வரும் என்பதற்காக ஜூலையிலிருந்தே மாதம் 2,500 தனி உறையில் போகிறது. அந்த உறையைத் தீபாவளிக்குக்கூடத் தொட மாட்டேன். கார்டு மின்கட்டணத்துக்கு மட்டும்.

கூட்டல்கழித்தல்:
நல்லது சகோதரி. ஆனால் இங்கே பேச்சு அது இல்லை. 20,300 பற்றி அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் 27 வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவன். அவர் போட்டிருந்த சீட்டு நோட்டின் படத்தைப் பார்த்தேன். முதல் மாதம் சீட்டை நடத்தும் சீட்டுக்காரருக்குத் தள்ளே இல்லாமல் முழு ஒரு லட்சம், எல்லோரும் 5,000 கட்டினார்கள். இரண்டாம் மாதம் 32,000 தள்ளு. அதில் 5,000 கமிஷன் போக மீதி 27,000ஐ 20 பேருக்குப் பிரித்தால் கசர் 1,350. ஆகவே கட்டியது 3,650. மூன்றாம் மாதம் 3,750, நான்காம் மாதம் 3,900, இவர் எடுத்த ஐந்தாம் மாதம் 4,000. கூட்டிப் பாருங்கள், 20,300. எடுத்தபின் ஆறாம் மாதம் 4,050இல் தொடங்கி ஏறிக்கொண்டே போய்க் கடைசி இரண்டு மாதமும் முழு 5,000. சட்டைப்பையில் இருக்கும் காசைக் கடன் கணக்கில் எழுதினால் எங்கள் செயலாளர் பேரேட்டை மூஞ்சியில் எறிவார்.

பெரியகுளத்தான்:
27 வருடம் எழுதியும் வட்டியே இல்லை என்று சொல்லும் நோ காஸ்ட் இஎம்ஐ தவணையில் பிரிட்ஜ் வாங்கி ஏமாந்தது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கூட்டல்கழித்தல்:
அதை மறைக்கவில்லையே, நானே எழுதினேன். மொத்தப் பணமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி இஎம்ஐக்காரனுக்குக் கிடையாது, அந்தத் தள்ளுபடிதான் வட்டி. அதற்கு மேல் வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. சுழிய வட்டி என்ற பெயரில் வட்டியை ஒளித்து வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது, அப்புறம் பெயரை மாற்றிக்கொண்டு வந்தார்கள். நான் ஏமாந்தேன், ஏமாந்தது எவ்வளவுக்கு என்று பைசா சுத்தமாகக் கணக்கும் போட்டேன். உங்களால் அது முடியவில்லை. 20,300?

பெரியகுளத்தான்:
75,000. எண்ணி வாங்கியது.

ஓய்வுத்தபால்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சீட்டு என்றாலே கெட்டது என்பது போலப் பேச்சு போகிறது. இதே சீட்டைக் கடைசி வரை எடுக்காமல் இருந்தவர் 88,600 கட்டி 95,000 வாங்கியிருப்பார். 6,400 மிச்சம். போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 9 சதவீதம் வருகிறது. தபால் ஆபீஸ் ஐந்து வருட ஆர்டியில், அதாவது மாதாமாதம் போடும் சேமிப்பில், 6.7தான். அவருக்கு அது சேமிப்பு, முன்னால் எடுப்பவருக்குத்தான் கடன்.

கூட்டல்கழித்தல்:
சார், உங்கள் 9 சதவீதம் சீட்டுக்காரர் ஊரில் இருக்கும் வரைக்கும்தான். தபால் ஆபீஸ் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்யாது. அது பதிவு செய்த சீட்டா? 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரிடம் முன் அனுமதி வாங்காமல் சீட்டே தொடங்கக் கூடாது. கமிஷனும் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது.

ஓய்வுத்தபால்:
5 இல்லை, 7. 2019இல் திருத்தம் வந்தது.

கூட்டல்கழித்தல்:
திருத்தம் எனக்கும் தெரியும். இவர் சீட்டில் எடுத்தது 5தான் என்பதால் 5 என்றேன்.

ஓய்வுத்தபால்:
சட்டப்படி என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? சட்டப்படி 7.

ஐந்துவட்டி:
பேரேட்டில் அடித்துத் திருத்தலா? செயலாளரைக் கூப்பிடுங்கள்.

பெரியகுளத்தான்:
பார்த்தீர்களா மக்களே! 5க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியாதவர்தான் எனக்கு 11க்கும் 33க்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்கிறார்.

கூட்டல்கழித்தல்:
பேச்சை மாற்றாதீர்கள். 5 ஆகட்டும், 7 ஆகட்டும், 20,300 யாருடைய பணம்? 19 மாதக் கமிஷன் 95,000 சீட்டுக்காரருக்குப் போயிருக்கிறது. அது வானத்திலிருந்தா விழுந்தது? முன்னால் தள்ளி எடுத்தவர்கள் தலையில்தான் பெரும்பங்கு விழுந்திருக்கும். வீட்டம்மா கழுத்தில் இருப்பதில் இரண்டு பவுனை பேங்க்கில் அடகு வைத்திருந்தால் போதும். வருடத்துக்கு 9 சதவீதம், அதாவது நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் வட்டியில் காரியம் முடிந்திருக்கும். முக்கால் வட்டியை விட்டுவிட்டு ஏறக்குறைய மூன்று வட்டிக்கு வாங்கிவிட்டு ஊருக்குப் பாடம் எடுக்கிறார்!

மாசக்கடைசி:
வீட்டம்மா கழுத்தில் இருப்பது எப்படி உங்கள் பட்ஜெட்டில் வந்தது? அவர் கார்டு தேய்த்ததற்கு அந்த அம்மா ஏன் கழுத்தைக் காட்ட வேண்டும்? எங்கள் அம்மாவின் வளையல் "மூன்றே மாதம்" என்று உள்ளே போய்ப் பதினோரு வருடம் கழித்து வந்தது. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். அந்தப் பதினோரு வருட வட்டியையும் முக்கால் வட்டி என்று ஒரு வரியில் முடிப்பீர்களா?

கூட்டல்கழித்தல்:
நான் வட்டி விகிதத்தைச் சொன்னேன். உணர்ச்சிக்குக் கணக்கில் பத்தி கிடையாது.

மாசக்கடைசி:
நான் சொன்ன உறைக்கும் உங்கள் கணக்கில் பத்தி கிடையாது. பெண்கள் எழுதினால் "நல்லது சகோதரி", அதோடு முடிந்தது.

பெரியகுளத்தான்:
சகோதரி சொன்னது நூற்றுக்கு நூறு. என் மனைவியின் நகையைத் தொடாமல் கடனை அடைத்தேன். அதற்குத்தான் இந்த வயிற்றெரிச்சல்.

மாசக்கடைசி:
உங்களுக்காக நான் பேசவில்லை. 70,000 எப்படி வந்தது?

பெரியகுளத்தான்:
கொழுந்தியாள் கல்யாணம். மொய் எழுதாமல் இருக்க முடியுமா? அப்புறம் எல்லோருக்கும் துணி, ஒரு போன். அதை விடுங்கள்.

ஐந்துவட்டி:
போனா? அதுவும் நோ காஸ்ட்தானா?

ஓய்வுத்தபால்:
நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். கார்டில் மாதம் மூன்றரை வட்டி. 70,000க்கு 2,450, அதற்கு ஜிஎஸ்டி 441, ஆக மாதம் 2,891 போய்க்கொண்டிருந்தது. ஜிஎஸ்டியோடு பார்த்தால் நூற்றுக்கு நான்கு ரூபாய்க்கு மேல். கூட்டல்கழித்தல் சொல்கிறபடி சீட்டு 2.80 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் பெரியகுளத்தான் செய்தது சரிதானே?

கூட்டல்கழித்தல்:
செய்தது தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? 11 சதவீதம் என்று சொன்னதுதான் தப்பு. நான்கில் இருந்து 2.80க்கு வந்தேன் என்று எழுதியிருந்தால் நானே முதலில் கைதட்டியிருப்பேன். 11 என்று படித்துவிட்டு நாளைக்கு நாலு பேர் நல்ல பேங்க் கடனை விட்டுவிட்டுச் சீட்டுக்கு ஓடுவார்கள். அவர்கள் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

பெரியகுளத்தான்:
சரிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

கூட்டல்கழித்தல்:
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதியதை மறுபடியும் படியுங்கள்.

பெரியகுளத்தான்:
"செய்தது தப்பு என்று நான் எங்கே சொன்னேன்." உங்கள் வார்த்தைதான்.

ஐந்துவட்டி:
இந்த வாக்குவாதத்தையும் ஏலம் விடலாம். அதிகமாகத் தள்ளுகிறவர் எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஓய்வுத்தபால்:
கமிஷன் 7 என்பதையாவது ஒப்புக்கொண்டாரா?

கூட்டல்கழித்தல்:
சார், உங்களுக்கும் எனக்கும் போன வருடம் பிபிஎஃப் சேமிப்புக் கணக்கு விஷயத்தில் வந்த பழைய பாக்கியை இங்கே தீர்க்க வேண்டாம்.

ஓய்வுத்தபால்:
அதிலும் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஐந்தாம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி. நீங்கள் பத்தாம் தேதி என்று அடம் பிடித்தீர்கள்.

கூட்டல்கழித்தல்:
அது எழுத்துப் பிழை.

பெரியகுளத்தான்:
5, 7, 10 எல்லாமே எழுத்துப் பிழை. 20,300 மட்டும் வேதவாக்கு. சரி, எனக்கு வேலை இருக்கிறது. புதுச்சீட்டு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன், இரண்டு லட்சம், 25 பேர். ஞாயிற்றுக்கிழமை ஏலம். இந்தத் தடவை மூன்றாம் மாதமே எடுப்பதாக இருக்கிறேன்.

மாசக்கடைசி:
கார்டை வெட்டிப் போட்டீர்களா?

கூட்டல்கழித்தல்:
மூன்றாம் மாதமா! எவ்வளவு தள்ளப் போகிறீர்கள்? 30 சதவீதம் போகும். போன சீட்டுக்கே நூற்றுக்கு 2.80. முன்னால் போகப் போக வட்டி ஏறும், குறையாது. ஏலத்துக்குப் போகும் முன் ஒரு தாள், ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கையில் வாங்குவதில் இருந்து அதுவரை நீங்கள் கட்டியதைக் கழியுங்கள்.

பெரியகுளத்தான்:
எதற்குக் கழிக்க வேண்டும்? திண்ணையில் எண்ணி வாங்குவதுதான் கணக்கு. போன தடவை 75,000.

கூட்டல்கழித்தல்:
முதல் மாதம் 5,000. இரண்டாம் மாதம் 3,650. மூன்றாம் மாதம் 3,750. நான்காம் மாதம் 3,900. ஐந்தாம் மாதம் 4,000. கூட்டிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.