டாக்டிகல் டோமஹாக் வாங்குமுன், அது உழைக்குமா என்று எப்படிப் பார்ப்பது?

காட்டுவழி நடை எழுதியது:

வணக்கம். முகாம் போகும்போது எடுத்துப்போக ஒரு டாக்டிகல் டோமஹாக் (படைவீரர் பாணியில் செய்த சிறு கைக்கோடரி) தேடிக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே ஒன்று வாங்கி ஏமாந்தவன் என்பதால் இந்தத் தடவை கேட்டுவிட்டு வாங்கலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் வாங்கியது கருப்புப் பூச்சு, பின்பக்கம் கூர்முனை, பிளாஸ்டிக் பிடி, தலையையும் பிடியையும் இணைக்க இரண்டு போல்ட். பார்க்கத் திடமாகத்தான் இருந்தது. பாதையில் விழுந்து கிடந்த கிளைகளை வெட்டினேன், கூர்முனையைப் பட்டுப்போன மரத்தில் இறக்கி நெம்பினேன். மூன்றாவது பயணத்தில் தலை ஆட ஆரம்பித்தது. போல்ட்டை முறுக்கினேன், நின்றது. மறுநாள் மறுபடியும் ஆட்டம். அப்புறம் ஒரு கணு உள்ள கிளையில் ஓங்கிப் போட்டபோது, தலை சேரும் இடத்தில் பிடி நெடுக்காகப் பிளந்துவிட்டது. தலை என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. என் பின்னால் அக்கா பையன் நின்றுகொண்டிருந்தான். அதை நினைத்தால் இன்னமும் உடம்பு நடுங்குகிறது.

இப்போது மூன்று வகை பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று முழுக்க ஒரே தகட்டில் வெட்டியது, இருபுறமும் பிடிச்சில்லு (கை பிடிக்க வசதியான தட்டைத் துண்டு) பொருத்தியது. இன்னொன்று 1055 ரக எஃகுத் தலை, பிளாஸ்டிக் பிடி. மூன்றாவது ஹிக்கரி என்ற கெட்டி மரத்தில் பிடி போட்டது. விளம்பரத்தில் எல்லாமே "போர்க்களத்துக்கு ஏற்றது" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வாங்குமுன் நானே எதைப் பார்த்து முடிவு செய்வது? எஃகின் பெயர் எவ்வளவு முக்கியம்? அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

---

உலைக்களம் எழுதியது:

தம்பி, அடி படாமல் தப்பித்தீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் இருபது வருஷத்துக்கு மேல் எஃகுக்குத் தோய்ச்சல் (சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பது) போட்டுப் பதம் ஏற்றும் வேலையில் இருக்கிறேன். உடைந்த கோடரி, உளி, சம்மட்டி என்று எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. அதனால் ஒரு கருவியை எடுத்ததும் "இது எங்கே உடையும்?" என்றுதான் முதலில் பார்ப்பேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். எஃகின் பெயரை அப்புறம் பார்க்கலாம்.

டோமஹாக்கில் உடையும் இடம் பெரும்பாலும் கழுத்துதான். தலை மரத்தில் சட்டென்று நின்றுவிடும், பிடி முன்னே போகப் பார்க்கும். அந்த இழுபறி முழுவதும் தலையும் பிடியும் சேரும் இரண்டு விரல் அகலத்தில் வந்து விழும். கூர்முனையை வைத்து நெம்பினால் இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது அந்த இடம் பக்கவாட்டிலும் வளையும். உங்களுடைய பழைய கோடரியில் நடந்தது அதுதான். எஃகு உடையவில்லை, போல்ட் துளையிலிருந்து பிளாஸ்டிக் பிளந்திருக்கிறது.

துளை என்றால் சும்மா இல்லை. அகலமான தகட்டை இழுக்கும்போது, நடுவில் வட்டத் துளை ஒன்று இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு, அதாவது பொருளுக்குள் விழும் இழுபறி, மூன்று மடங்காகிறது. ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் இதை 1898இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வட்டத் துளைக்கே இப்படி என்றால், கூரான மூலைக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். எடை குறைக்கவும் அழகுக்கும் என்று தலையிலும் கழுத்திலும் முக்கோணமாக, நீள்சதுரமாக ஓட்டை வெட்டிய டோமஹாக்குகள் நிறைய வருகின்றன. படத்தைப் பெரிதாக்கி அந்த ஓட்டைகளின் உள்மூலையைப் பாருங்கள். வளைவாக உருட்டிவிட்டிருந்தால் சரி. கத்தியால் கீறினாற்போல் கூராக இருந்தால், அதுவும் கழுத்துக்கு அருகில் இருந்தால், அதைத் தொடவே வேண்டாம். தாடிக்கு உள்பக்கம், அதாவது வாயின் (வெட்டும் விளிம்பின்) கீழ்நுனி வளைந்து கழுத்தோடு சேரும் இடத்துக்கும் இதே கணக்குத்தான்.

தகட்டின் கனத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் நெம்பும்போது தாங்கும் வலிமை கனத்தின் வர்க்கத்தோடு ஏறும். அகலமும் எஃகும் ஒன்றாக இருந்தால் 5 மி.மீ. தகட்டைவிட 6 மி.மீ. தகடு வளையத் தொடங்க சுமார் 1.4 மடங்கு விசை வேண்டும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இனி எஃகு. டோமஹாக் அடி வாங்கும் கருவி. இதற்குக் கடினத்தைவிடச் சீவன் முக்கியம், அதாவது அதிர்ச்சியை உடையாமல் உள்வாங்கும் குணம். 1055இல் கரிமம் ஏறக்குறைய 0.55 சதவீதம், 4140இல் 0.40, 80சிஆர்வி2இல் 0.80. இவையெல்லாம் இந்த வேலைக்குப் பொருத்தமானவை. 5160 லாரியின் பட்டை ஸ்பிரிங்குக்குப் போடும் எஃகு. அதுவும் நன்றாகவே அடி தாங்கும். டி2 என்று போட்டிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். கரிமம் 1.5, குரோமியம் 12 சதவீதம் அளவில் உள்ள எஃகு அது. கூர் ரொம்ப நாள் நிற்கும், கத்திக்கு அருமை, ஆனால் ஓங்கி அடிப்பது அதற்கு ஆகாது. என்னிடமே டி2 டோமஹாக் ஒன்று இருந்தது. குளிர்ந்த காலையில் காய்ந்த கணுவில் போட்டேன், கோடரி வாயில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பல் விழுந்துவிட்டது, அதாவது சில்லு பெயர்ந்துவிட்டது. 420 வகைத் துருப்பிடிக்காத எஃகு மழைக்கும் வியர்வைக்கும் நல்லது, அடிக்கடி சாணை பிடிக்க வேண்டிவரும், அவ்வளவுதான். எந்த எஃகு என்று சொல்லாமல் "உயர்தர எஃகு" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

இன்னொன்று. பெயர் நல்லதாக இருந்தாலும் பதம் கெட்டிருந்தால் எல்லாம் வீண். வாய்ப்பகுதிக்கு ராக்வெல் சி என்ற கடின அளவில் 52 முதல் 57 வரை இருந்தால் மனநிறைவாக வாங்கலாம். 60க்குப் பக்கத்தில் போனால் பல் விழும், 48க்குக் கீழே இருந்தால் வாய் மடியும். கழுத்து வாயைவிடச் சற்று மென்மையாக இருக்கும்படி பதம் விட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்த எண்ணைத் தைரியமாக வெளியிடும் தயாரிப்பாளர்மேல் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுதல்.

பதத்தைப் படத்தில் பார்க்க முடியாதே என்பீர்கள். உடைந்ததன் படத்தில் பார்க்கலாம்! வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளில் முதல் நாள் பாராட்டை விட்டுவிட்டு, உடைந்த படம் போட்டவர்களைத் தேடுங்கள். உடைந்த முகம் சர்க்கரை கொட்டினாற்போலப் பொடிப்பொடியாக மினுங்கினால், எஃகை அளவுக்கு மீறிச் சூடேற்றி மணியை (எஃகின் உள்ளே இருக்கும் நுண்துகளை) பெருக்கவிட்டிருக்கிறார்கள். சாம்பல் நிறத்தில் பட்டுப்போல நுண்மையாக இருந்தால் பதம் ஒழுங்காக இருந்திருக்கிறது, ஆள்தான் மீறிப் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு மூலையில் துருவேறிய பிறைபோல ஒரு பகுதி, மீதி புத்தம்புதிதாகப் பளபளப்பு என்றால் அந்த விரிசல் பல நாளாக உள்ளே இருந்து வளர்ந்தது. மூன்று நான்கு பேருக்கு ஒரே இடத்தில் உடைந்திருந்தால் அது வடிவமைப்பின் குற்றம். வேறு வேறு இடத்தில் என்றால் அவ்வளவு கவலை வேண்டாம்.

உங்கள் மூன்றில், நெம்பும் வேலை உண்டு என்பதால் ஒரே தகடுதான் என் தேர்வு. எஸ்ட்விங் நிறுவனத்தின் டோமஹாக் போலத் தலையும் தண்டும் ஒரே துண்டாக அடித்து உருவாக்கியதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கழுத்தில் பற்றவைத்த தையல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த கருப்புப் பூச்சு அதை மறைத்துவிடும். பற்றின் பக்கத்தில் வெந்த இடம் அடி தாங்காது.

---

எறிகோடரி எழுதியது:

உலைக்களம் அண்ணன் எஃகைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் மரப்பிடியை அப்படியே தள்ளிவிட மனம் வரவில்லை. நான் வாரந்தோறும் டோமஹாக் எறிந்து பழகுகிறேன். எறிவதுபோலக் கொடுமையான சோதனை வேறு இல்லை. குறி தவறினால் பிடி பலகையில் மோதும், தலை தரையில் உருளும். ஒரே துண்டு எஃகு கழுத்தில் ஒடிந்தால் குப்பைதான். ஹிக்கரி ஒடிந்தால் வேறொன்றைச் செருகிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன். எத்தனை பிடி மாற்றினேன் என்று கணக்கில்லை, தலை மட்டும் அதேதான்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. இப்போதைய டாக்டிகல் டோமஹாக்குகளுக்கு முன்னோடி பீட்டர் லகானா வடிவமைத்தது. 1960களின் பிற்பாதியில் வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். அதற்கும் மரப்பிடிதான்.

மரப்பிடியில் பார்க்க வேண்டியது ரேகை. பிடியின் அடிமுனையைப் பாருங்கள், வளையக் கோடுகள் கோடரி வாயின் திசையிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடக் கூடாது. அப்புறம் பக்கவாட்டில் பாருங்கள், ரேகை நுனிமுதல் அடிவரை பிடியோடு கூடவே போக வேண்டும். பாதியில் வெளியே வழுக்கிப் போனால் பிளவு அங்கேதான் தொடங்கும். வெள்ளை மரமா சிவப்பு மரமா என்பதைப் பார்த்து மனம் குழம்ப வேண்டாம், ஹிக்கரியில் வலுவுக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. தடித்த வார்னிஷ் அடித்திருந்தால் ரேகையே தெரியாது, அதை ஒதுக்குங்கள்.

பாரம்பரிய டோமஹாக்கில் தலையைப் பிடியின் அடியிலிருந்து மேலே ஏற்றுவார்கள். பிடி மேலே போகப் போகப் பருக்கும், அதனால் வீசும்போதெல்லாம் தலை இன்னும் இறுகும். ஆப்பு தேவையில்லை. கண்ணின் (தலையில் பிடி நுழையும் துளையின்) மேல்விளிம்பில் சுற்றிலும் மரம் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு சிறு திருகாணி மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது ரொம்ப நாள் தாங்காது.

பிளாஸ்டிக் பிடியைப் பற்றி ஒரே வரி: பாலிபுரோப்பிலீன் எறிவதற்கு நன்றாக நெகிழ்ந்து கொடுக்கும், ஆனால் உறைபனிக் குளிரில் விறைத்து நொறுங்கும் தன்மை வரும். அங்கே கண்ணாடி இழை சேர்த்த நைலான் மேல்.

---

உலைக்களம் எழுதியது:

மரம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். வெட்டுவதும் எறிவதும் மட்டும் என்றால் ஹிக்கரிதான். நெம்புவதற்கு மட்டும் நான் மரத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். தம்பிதான் தன் வேலை எது என்று முடிவு செய்ய வேண்டும்.

---

காட்டுவழி நடை எழுதியது:

இரண்டு அண்ணன்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே இன்று இரண்டை நேரில் பார்த்தேன்.

ஒரே தகட்டில் செய்தது 4140, கனம் 6 மி.மீ. கழுத்தில் இரண்டு ஓட்டை, மூலைகள் நன்றாக உருண்டிருந்தன. ஆனால் பிடிச்சில்லை அழுத்தினால் மெல்லிய 'டிக்' சத்தம் வந்தது. ஹிக்கரியில் ரேகை கழுத்திலிருந்து நான்கு விரல் கீழே சாய்ந்து வெளியே போகிறது. முன்பு என்றால் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன். அதை வைத்துவிட்டேன். அந்த 'டிக்' சத்தம் பெரிய குறையா?

---

உலைக்களம் எழுதியது:

சில்லு அசைவது கழுத்துக்கு ஆபத்து இல்லை, ஆனால் தண்ணீர் உள்ளே போய்த் துருப் பிடிக்கும். 4140 அதைத் தாங்காது. சில்லு திருகாணியால் பூட்டியதா, ஒட்டியதா என்று கேளுங்கள். திருகாணி என்றால் கழற்றி, எண்ணெய் தடவி, திருகாணிப் பசை போட்டு முறுக்கினால் தீர்ந்தது. ஒட்டியது என்றால் வேறொரு பிரதியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அங்கேயே இன்னொரு வேலை செய்யுங்கள். பிடியின் அடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, தலையின் பக்கத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு தட்டு. எல்லாம் இறுக்கமாக இருந்தால் ஒரே அதிர்வு கைக்கு வரும். இரண்டாவதாக ஒரு சலசலப்பு கேட்டால் எங்கோ இடைவெளி இருக்கிறது. அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடியின் அடியிலிருந்து வாயைப் பாருங்கள். வாயும் பிடியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கோணியிருந்தால் தோய்ச்சலில் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

வாங்கியபின் திருப்பிக் கொடுக்கும் காலம் எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், உத்தரவாதத்தில் நெம்புவதும் எறிவதும் விலக்கா என்று வாசியுங்கள். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த கணுவில் பத்து வெட்டு. பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, பையனைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிறகு வாயை நகத்தின்மேல் மெல்லச் சாய்த்து இழுத்துப் பாருங்கள். எங்காவது தடுக்கினால் பல் விழுந்திருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வாய் மடிந்திருக்கிறது. பத்தே வெட்டுக்கு இப்படி என்றால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கழுத்தையும் ஒருமுறை துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்து அந்த இரண்டு ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள். பூச்சில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.