போக்கர் போட்டியின் நுழைவுத் தொகையில் கேசினோ எவ்வளவு எடுத்துக்கொள்கிறது?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகன் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நண்பர்களோடு கோவாவுக்குச் சென்று, அங்குள்ள கேசினோக்களில் நடக்கும் போக்கர் என்ற சீட்டாட்டப் போட்டிகளில் கலந்துகொள்கிறான். நுழைவுத் தொகை 11,000 ரூபாய் என்றால் அதில் 10,000 ரூபாய் பரிசுப் பணத்தில் சேர்ந்துவிடும் என்றும், 1,000 ரூபாய் மட்டுமே கேசினோவுக்குப் போகும் என்றும், ஆகவே பிடித்தம் வெறும் பத்து சதவீதம்தான் என்றும் சொல்கிறான். சேலத்தில் ஏலச்சீட்டு கட்டிப் பழகிய எனக்கு இந்தப் பத்து சதவீதமே அதிகமாகத் தோன்றுகிறது. சீட்டு நடத்துபவரின் கமிஷனுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் 5 சதவீதம் என்று வரம்பு வைத்திருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது 7 சதவீதமாக உயர்ந்தது. போக்கர் போட்டிகளில் பத்து சதவீதம் என்பது வழக்கமான அளவுதானா, பிடித்தம் உண்மையில் அதோடு முடிந்துவிடுகிறதா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். அவனைக் கண்டிப்பது என் நோக்கமன்று. கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டு அவனிடம் பேச விரும்புகிறேன்.

மறுமொழி: செவ்வாய்ப்பேட்டைக் கணக்காளர்

வணக்கம் ஐயா. தங்கள் மருமகன் சொல்லும் பிரிப்பு முறை சரியே. ஆனால் சதவீதத்தை அவர் பரிசுப் பணத்தின் மீது கணக்கிடுகிறார். கையிலிருந்து போகும் 11,000 ரூபாயின் மீது கணக்கிட்டால் கேசினோவின் பங்கு 9.09 சதவீதம்தான் வரும். ஆட்டக்காரர்கள் ‘ரேக்’ என்று சொல்லும் இந்தப் பங்கு எல்லாப் போட்டிகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேசை, சீட்டுகளைக் கலைத்துப் போடும் டீலர், மேற்பார்வையாளர் ஆகியவற்றுக்கான செலவு நுழைவுத் தொகையைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை என்பதால், தொகை சிறிதாக இருக்கும் போட்டிகளில் சதவீதம் உயர்ந்தும், தொகை பெரிதாகும்போது தாழ்ந்தும் காணப்படும்.

லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டியை எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் அதன் கணக்கு வெளிப்படையானது. அதன் நுழைவுத் தொகை 10,000 டாலர். 2019இல் 8,569 பேர் பதிவு செய்தார்கள். பரிசுப் பணம் 8,05,48,600 டாலர். அதாவது ஒவ்வொருவர் கட்டிய தொகையிலிருந்தும் 9,400 டாலர் பரிசுக்குச் சென்றது. நடத்துபவர்கள் பிடித்தது 6 சதவீதம். 2023இல் 10,043 பதிவுகள், பரிசுப் பணம் 9,33,99,900 டாலர். தலைக்கு 9,300 டாலர். கூட்டம் பெருகிய அதே காலத்தில் பிடித்தம் 7 சதவீதமாக ஏறியிருக்கிறது. கூட்டம் கூடினால் செலவு பரவலாகிப் பிடித்தம் குறைய வேண்டும் என்றே நாம் எதிர்பார்ப்போம். இங்கே நடந்திருப்பது அதற்கு நேர்மாறானது, அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் கோவாவைப் பொறுத்தவரை தாங்கள் கவனிக்க வேண்டியது கேசினோவின் பங்கைவிடச் சரக்கு மற்றும் சேவை வரியைத்தான். 2023 அக்டோபர் 1 முதல் இந்த வரி கேசினோவின் வருவாயின் மீது அல்லாமல், ஆடுபவர் செலுத்தும் முழுத் தொகையின் மீது 28 சதவீதமாக விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். 11,000 ரூபாய்க்கு மேல் இந்த வரியைத் தனியாகச் சேர்த்து வாங்கினால் 4,400 ரூபாய் கூடுகிறது. ஆக அவர் 15,400 ரூபாய் கொடுக்கிறார். பரிசில் சேர்வது 10,000 ரூபாய்தான். கொடுத்ததில் ஏறத்தாழ 35 சதவீதம் ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விடுகிறது. வரியும் 11,000 ரூபாய்க்குள்ளேயே அடக்கம் என்று மருமகன் சொன்னால், அப்போது பரிசுக்கு உண்மையில் எவ்வளவு போகிறது என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

மறுமொழி: ஏற்காடு ஒண்டிக்கடை

மேலே உள்ள கணக்கோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆயினும் சதவீதத்தை மட்டும் பார்த்து ஒரு போட்டியை எடை போட முடியாது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். ஆடுபவர்கள் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயத் தொகையைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை உயர்த்தி இரவுக்குள் முடித்துவிடும் போட்டியில் திறமைக்கு இடம் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை உயர்த்தி இரண்டு மூன்று நாட்கள் நடத்தும் போட்டியில் அதே பத்து சதவீதத்துக்கு நீண்ட ஆட்டம் கிடைக்கிறது. இரண்டாவதாக, தோற்றவர் மறுபடியும் பணம் கட்டி நுழைய இடமிருந்தால், ஒவ்வொரு நுழைவுக்கும் கட்டணத்தைப் புதிதாகப் பிடிப்பார்கள். மூன்று முறை நுழைந்தவர் மூன்று முறை 1,000 ரூபாய் கொடுத்திருக்கிறார் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

கேசினோவுக்கு எதிராகப் போகும் ஒரு நிலையும் உண்டு. பரிசுப் பணம் இவ்வளவுக்குக் குறையாது என்று அறிவித்துவிட்டு, அதற்குப் போதிய ஆட்கள் வராவிட்டால், குறையும் தொகையை அவர்களே போட வேண்டும். அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் அத்தகைய போட்டிகளைத் தேடிச் செல்வார்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு பிடித்தம் போக, வென்ற பணத்துக்கு வருமான வரியும் உண்டா? தோற்ற போட்டிகளுக்குக் கட்டியதைச் செலவாகக் காட்டிக் கழித்துக்கொள்ள முடியுமா?

செவ்வாய்ப்பேட்டைக் கணக்காளர்

உண்டு ஐயா. சீட்டாட்டத்தில் வென்ற பணத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரி. மற்ற வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். தோற்ற போட்டிகளின் நுழைவுத் தொகையையோ, பயணச் செலவையோ, தங்கும் செலவையோ இதில் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஆகவே மருமகனிடம் இந்த ஒரு கணக்கைக் காட்டுங்கள். போட்டிக்கு 15,400 ரூபாய் செலவிடும் ஒருவர், செஸ்ஸை விட்டுவிட்டு 30 சதவீத வரியை மட்டும் கழித்துப் பார்த்தாலும், போட்டிக்குச் சராசரியாக 22,000 ரூபாய் பரிசு பெற்றால்தான் போட்ட பணம் திரும்பும். ஆனால் அந்த மேசைகளில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சராசரியாகக் கிடைக்கக்கூடியது 10,000 ரூபாய்.