ஆம்புலன்ஸ் டெண்டர் முடிவை எதிர்க்க வேண்டும்: மேல்முறையீடா, ரிட்டா?

சேலத்தில் சிறிய அளவில் ஆம்புலன்ஸ் நடத்துகிறோம். ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்து நோயாளிகளைக் கீழே கொண்டுவர ஓர் அரசு அலுவலகம் டெண்டர் விட்டது. தகுதியைப் பார்க்கும் முதல் கவரான தொழில்நுட்பக் கவரில் தேறினோம். விலைக் கவர் திறந்தபோது எங்களுடையதுதான் குறைவு. அதன் பிறகு, "முன் அனுபவச் சான்று போதாது" என்று தள்ளிவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சான்றில் குறை இருந்தால் முதல் கவரிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

டெண்டர் ஆவணம் ஏஐஎஸ்-125 என்ற, ஆம்புலன்ஸ்களுக்கான இந்தியத் தரத்தில் வண்டி கேட்கிறது. வென்றவர் காட்டிய வண்டிகளோ சீட்டைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் போட்ட வேன்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதில் படுத்து வருபவரை நினைத்தால் பகீரென்கிறது.

அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டேன், "முடிவு எடுத்தாயிற்று" என்ற ஒற்றை வரிதான் பதில். ஆன்லைன் மனு சுற்றிச் சுற்றி அதே மேசைக்கே போனது. மதிப்பீட்டுக் குறிப்புகளைக் கேட்டு ஆர்டிஐ போட்டிருக்கிறேன். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும்.

நிராகரிப்பு உத்தரவு வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, பிரிவு 11-இன்படி 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். மனு தயார். ஆனால் ஒரு வக்கீல் அதுதான் வழி என்கிறார், இன்னொருவர் நேராக உயர் நீதிமன்றம் போய் ரிட் (அரசு முடிவை எதிர்த்துப் போடும் மனு) போடச் சொல்கிறார்.

இப்படி வழக்கு நடத்தியவர்கள் சொல்லுங்கள்: மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, ஒப்பந்தம் கையெழுத்தாவதை நிறுத்திவைக்கக் கேட்டு ரிட் போட்டால் நீதிமன்றம் ஏற்குமா?