நைஜீரியக் கடவுச்சீட்டுடன் பிராங்பர்ட் வழியாகப் பயணம்: விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் லாகோஸில் பணிபுரிகிறேன். என்னுடன் பணியாற்றும் நைஜீரிய நண்பர் ஒருவர், அடுத்த மாதம் பிராங்பர்ட் வழியாக சாவோ பாவ்லோ செல்லவிருக்கிறார். பிரேசில் விசா அவர் கையில் இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வராததால் ஜெர்மனிக்கு எந்த விசாவும் தேவையில்லை என்று பயண முகவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆனால் பன்னாட்டுப் பகுதியில் விமானம் மாறுவதற்குக்கூட டிரான்சிட் விசா பெற வேண்டிய நாடுகளின் ஷெங்கன் (ஜெர்மனி உட்பட, பொதுவான விசா விதிகளைக் கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு) பொதுப் பட்டியலில் நைஜீரியாவும் கானாவும் இருக்கின்றன. நம் இலங்கையும் அதில் உண்டு.

செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா அல்லது ஜப்பான் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், நண்பரின் அமெரிக்க விசா சென்ற ஆண்டே காலாவதியாகிவிட்டது. எத்தனை நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம் என்று எண்ணும் கடவுச்சீட்டுத் தரவரிசைகள் இந்தச் சிக்கலைச் சொல்வதே இல்லை. ஷெங்கன் நாடுகளுக்கு விசா தேவைப்படாத செஷல்ஸ் நாட்டின் குடிமகனாக அவர் இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை.

என் கேள்வி இதுதான்: இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கியிருப்பதால், பெட்டியை எடுத்து மீண்டும் பதிவு செய்ய அவர் குடியேற்றச் சோதனையைக் கடக்க நேரிடுமா? நேரிட்டால் டிரான்சிட் விசா போதாது. 90 யூரோ கட்டணத்தில் குறுகிய கால ஷெங்கன் விசாவே வாங்க வேண்டியிருக்கும். பிராங்பர்ட்டுக்குப் பதிலாக எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக மாற்றிக்கொள்வது நல்லதா? அண்மையில் இவ்வழிகளில் பயணம் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.